மேடையின் மெட்டும் நாடாவின் மெட்டும்

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று வரை கடலுக்கும் வயலுக்கும் இடையே நீளும் ஊர்வரிசையில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி அமைந்திருக்கின்றன; கல்முனையை மையமாகக் கொண்டு எழுந்த இசைக்குழுக்களின் இயல்பை இந்த அமைப்பே பெரிதும் வகுத்தது. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் குழுவில் பாடுவோரும் பாட்டு எழுதுவோரும் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம்களாகவும், தபேலாவும் வயலினும் முறையாகக் கற்றோர் பாண்டிருப்பையும் காரைதீவையும் சேர்ந்த தமிழர்களாகவும் இருந்தனர். ‘யாழ் நூல்’ இயற்றிய சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊரான காரைதீவு, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே சைக்கிளில் சென்று வரும் தூரத்தில் இருந்ததால், வாத்தியக்காரர் தேவைப்பட்டபோது குழுவினர் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தொழில்முறை சாராத இசைக்குழு என்று இக்கட்டுரை குறிப்பது, இசையை வருமானமாகக் கொள்ளாமல், பகலில் பாடசாலையிலோ கைத்தறியிலோ கடையிலோ அரசாங்கக் கந்தோரிலோ உழைத்துவிட்டு, இஷாத் தொழுகை முடிந்தபின் ஒரு வீட்டின் முன்மண்டபத்தில் கூடி ஒத்திகை பார்த்த இத்தகைய சிறு கூட்டத்தையே ஆகும்.

இவர்கள் செவிக்குள் முன்னமே குடியிருந்த ஓசைகள் பலவகைப்பட்டவை. முதலாவது, வானொலி வழியே வந்த நாகூர் ஈ. எம். ஹனீபாவின் (1925–2015) குரல். உச்சத்தில் நின்று உடையாமல் ஒலிக்கும் அந்தக் குரலைப் பின்பற்றாத பாடகர் இக்கரையில் அரிது. இரண்டாவது, பாவாமார் என அழைக்கப்படும் பக்கீர்களின் பைத்; நபியவர்களையும் இறைநேசர்களையும் புகழும் பாடல்களைக் கையிலேந்திய றபான் என்னும் பறையில் தட்டிக்கொண்டு, நோன்பு இரவுகளில் ஸஹர் உணவுக்கு ஊரை எழுப்பியபடி தெருத்தெருவாகச் செல்வோர் இவர்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றப்படும் நாட்களில் இவர்களின் ஓசையே ஊரின் ஓசையாகிவிடும். மூன்றாவது பொல்லடி. ஆசானான அண்ணாவியாரின் பாட்டுக்கு ஆடுவோர் வட்டமாக நின்று கையிலுள்ள கம்புகளை ஒன்றோடொன்று அடித்து, தாளத்தைப் படிப்படியாக விரைவாக்கும் இந்த ஆட்டம், மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் ஊர்வலத்தோடு இணைந்தது. நான்காவதும் மிக ஆழமானதும் ‘கவி’ ஆகும். நான்கடிகளாக அமையும் இந்த நாட்டார் பாடல், வயலில் வேலை செய்வோராலும் வீட்டில் பெண்களாலும் வாத்தியம் எதுவுமின்றி, அடியின் ஈற்றை நீட்டி இழுத்துப் பாடப்படுவது. காதலும் பிரிவும் கேலியும் பேசும் இக்கவிகளைத் தொகுத்து அச்சேற்றும் பணியை நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் பின்னர் மேற்கொண்டனர். எனினும் அச்சில் சொல் நிற்குமேயன்றி இழுவை நிற்பதில்லை.

இந்த நான்கு ஓசைகளில் பின்னைய மூன்றும் குழுவினரின் தொடக்கக்கால ஆசையில் இடம்பெறவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. அவர்களின் ஆசை இசைத்தட்டையும் வானொலியையும் நோக்கியதாக இருந்தது. திருகோணமலையைச் சேர்ந்த பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் தம் தமிழ்ப் பாடல்களை இசைத்தட்டில் வெளியிட்டிருந்த செய்தி, கிழக்கிலிருந்தும் அது இயலும் என்ற நம்பிக்கையைத் தந்தது. ‘சின்ன மாமியே’ பாடலால் இலங்கை முழுவதும் அறியப்பட்ட நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவராக இருந்தவர் என்பதும், அம்பாறை கல்முனையிலிருந்து தென்மேற்கே சற்றுத் தொலைவில்தான் உள்ளது என்பதும் இளைஞர்களிடையே பெருமையோடு பேசப்பட்டன. அவரும் ஏ. ஈ. மனோகரனும் பரப்பிய பொப் இசை, போர்த்துக்கேயர் வழியாக இலங்கைக்கு வந்த பைலாவின் தாளத்தை, அதாவது ஆறு எண்ணிக்கையில் சுழன்று ஆடவைக்கும் நடையை, பேச்சுத் தமிழோடு இணைத்தது. கிற்றாரும் பொங்கோஸும் இருந்தால் போதும், பெரிய வாத்தியக்குழு வேண்டியதில்லை என்ற விடுதலையுணர்வே இப்பாடல்களின் மூலம் இக்கரைக்குக் கிடைத்த முதன்மையான கொடை.

ஆயினும் மேடை வேறொன்றைக் கேட்டது. திருமண வீட்டிலோ பாடசாலை விழாவிலோ பெருநாள் இரவிலோ கூடியிருந்தோர், வானொலியில் கேட்ட திரைப்பாடலையும் ஹனீபாவின் பாடலையும் கேட்ட மாதிரியே கேட்க விரும்பினார்கள். இடையிசையில் ஒரு புல்லாங்குழல் துணுக்கு விடுபட்டாலும் முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. எனவே குழுவின் திறமை, மூலத்தை எவ்வளவு நெருங்க முடிகிறது என்பதைக் கொண்டே அளக்கப்பட்டது. சொந்தமாக எழுதப்பட்ட இஸ்லாமிய கீதங்கள்கூடப் பெரும்பாலும் பழகிய திரைமெட்டில் புதுச் சொற்களை ஏற்றியவையாகவே இருந்தன. இதைக் குறையாகக் கருதுவது சரியன்று. தெரிந்த மெட்டு கேட்போரின் செவியைத் திறந்து வைப்பதால், மார்க்க அறிவுரையோ ஊரின் வரலாறோ அதற்குள் எளிதில் நுழைந்துவிடுகிறது. ஆனால் பத்தாண்டுக் காலம் மெட்டுக்குச் சொல் எழுதிப் பழகிய கவிஞர், தம் சொல்லுக்கு ஒரு மெட்டு வேண்டும் என்று கேட்கவே மறந்துவிடுகிறார் என்பதும் உண்மை.

நிலைமையை மாற்றியது கசெட் ஆகும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இந்த ஒலிநாடாப் பேழையில், 3.81 மில்லிமீற்றர் அகலமுள்ள நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. இரு பக்கமும் சேர்த்து ஒரு மணித்தியாலமோ ஒன்றரை மணித்தியாலமோ பதிவு செய்ய முடியும். 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றோர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த பொருள்களில் வானொலியும் பதிவுக்கருவியும் ஒன்றாக இணைந்த பெட்டி முதலிடம் பெற்றது. கொழும்புக்கு இரவுப் பேருந்தில் சென்று, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குரல்தேர்வில் தேறி, ஒலிப்பதிவுக்கூடத்தில் நேரம் பெற வேண்டியிருந்த நிலையில், அயல்வீட்டுப் பெட்டியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பாட்டு பதிந்துவிடும் என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இன்றைய கைபேசித் தலைமுறைக்கு விளக்குவது கடினம்.

அந்தப் பெட்டியோடு பழகுவதே ஒரு கல்வியாக இருந்தது. பேச்சைப் பதிவு செய்வதற்காக வடிவமைக்கப்பட்ட இத்தகைய கருவிகளில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் சுற்று இருந்தது. அமைதியான இடத்தில் அது உணர்திறனைக் கூட்டி, விசிறியின் இரைச்சலையும் கடலின் முழக்கத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். றபானில் ஓர் அடி விழுந்தவுடன் உணர்திறனைச் சட்டெனக் குறைத்து, அடுத்து வரும் குரலை விழுங்கிவிடும். இதற்குக் கண்ட வழி, ஆர்மோனியத்தில் ஆதார சுருதியை இடைவிடாமல் ஒலிக்கவிடுவதாகும். தொடர்ந்து ஒலிக்கும் அந்தச் சுருதி, கருவியை ஒரே அளவில் நிறுத்திவைத்தது. பாடகர் பெட்டிக்கு மிக அருகிலும், ஆர்மோனியம் சற்று விலகியும், தபேலா அறையின் மறுகோடியிலும், றபான் வாசலுக்கு வெளியேயும் என்று ஆட்களை நகர்த்தி நகர்த்தியே சமநிலை எட்டப்பட்டது. ஒரேயொரு ஒலிவாங்கி மட்டும் இருக்கும்போது, ஒவ்வொருவரும் நிற்கும் தூரமே கலவைக் கருவியின் வேலையைச் செய்கிறது. தோல் வாத்தியங்கள் உப்புக் காற்றில் விரைவாகத் தளர்வதால், றபானைத் தணலில் காட்டி இறுக்கிய உடனே அதற்குரிய பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, குரலும் ஆர்மோனியமும் மட்டும் உள்ள பாடல்களைப் பின்னிரவுக்கு ஒதுக்குவது வழக்கமாயிற்று.

மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் பற்றரியில் பதிவு செய்ததால் இன்னொரு சிக்கல் விளைந்தது. பற்றரி தளரத் தளர நாடாவின் ஓட்டம் மெதுவாகும். அந்த மெதுவான ஓட்டத்தில் பதிந்த பாட்டைச் சரியான வேகத்தில் ஓடும் வேறொரு பெட்டியில் போடும்போது, குரல் மெலிந்து உயர்ந்து, சுருதி அரைக்கட்டைக்கு மேலேகூட ஏறிவிடும். பிற்காலத்தில் இரண்டு பெட்டிகள் கிடைத்தபோது, முதலில் வாத்தியங்களைப் பதிவு செய்து, அதை ஒலிக்கவிட்டுக் கூடவே பாடி மற்றப் பெட்டியில் பதியும் முறையும் முயலப்பட்டது. ஒவ்வொரு படியெடுப்பிலும் நாடாவின் சீறல் ஒலி கூடுவதால், இரண்டாம் படிக்கு மேல் போகக்கூடாது என்ற எல்லை விரைவில் தெளிவாயிற்று.

மேடை பிரதியைக் கேட்டதென்றால், நாடா அதற்கு நேர்மாறானதைக் கேட்டது என்பதே இக்குழுவின் அனுபவத்திலிருந்து பெறத்தக்க முதன்மையான செய்தி. கல்முனை நகரில் விரும்பிய பாடல்களின் பட்டியலைக் கொடுத்தால் அவற்றை வெற்றுக் கசெட்டில் பதிந்து கொடுக்கும் கடைகள் இருந்தன. திரைப்பாடலின் மூலமே அங்கு கிடைக்கும்போது, அதே பாடலை உள்ளூர்க் குழு பாடிய பிரதியை ஒருவர் ஏன் கேட்க வேண்டும்? மேடையில் பெரும் கரவொலி பெற்ற பாடல்கள் நாடாவில் எவராலும் தேடப்படவில்லை. ஒத்திகையின் இடைவேளையில் எவரோ ஒருவர் தாயிடம் கேட்ட கவியைப் பாடியது தற்செயலாகப் பதிந்திருந்த நாடாவையே நண்பர்கள் இரவல் வாங்கினார்கள், வெளிநாடு போவோர் படியெடுத்துக்கொண்டார்கள். பதிவு என்ற கருவி, வேறெங்கும் கிடைக்காத ஒன்று தம்மிடம் உள்ளதா என்ற கேள்வியைக் குழுவினர் முன் வைத்தது. அதுவரை அவர்களிடம் எவரும் அதைக் கேட்டதில்லை.

கேள்வி எழுந்த பின்னரும் விடை எளிதாக அமையவில்லை. கவிக்குத் தாளக்கட்டு இல்லை. பாடுவோரின் மூச்சே அதன் அளவு. ஒரு முறை நான்கு எண்ணிக்கை நீளும் ஈற்றுச்சொல், அடுத்த முறை ஏழு எண்ணிக்கை நீளலாம். தபேலாவோடு அதை இணைப்பதற்காக நீட்சிகளை வெட்டி எட்டு எண்ணிக்கைக்குள் அடக்கியபோது, மெட்டு எஞ்சியது, கவி போய்விட்டது. வயலுக்கு அப்பால் நிற்பவருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக நீண்ட குரல், நறுக்கப்பட்டவுடன் சாதாரண மெல்லிசைப் பாட்டாகச் சுருங்கியது. அடுத்து, கவியை விருத்தம்போல, அதாவது தாளமின்றி விரித்துப் பாடும் முன்பகுதியாக வைத்துக்கொண்டு, அதன் இறுதிச் சொற்றொடரிலிருந்து தாளத்தோடு கூடிய பல்லவியை உருவாக்கும் முறை முயலப்பட்டது. இது ஓரளவு வெற்றி கண்டது, ஆனால் கேட்போர் பல்லவியை விட்டுவிட்டு முன்பகுதியையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டனர். கடைசியில் கைகொடுத்தது பாவாமாரின் வழக்கமாகும். றாத்தீபு எனப்படும் கூட்டு இறைநினைவு ஓதலில் றபானின் அடி ஆவர்த்தனக் கணக்கின்றி ஒரே சீராகக் கீழே துடித்துக்கொண்டிருக்க, பாடுவோர் அதற்கு மேலே விரும்பிய அளவுக்கு நீட்டிப் பாடுவர். அந்தத் துடிப்பையும் இடைவிடாத ஆர்மோனியச் சுருதியையும் அடியில் வைத்து, கவியை அதன் மூச்சுக்கே விட்டுவிட்டபோது, குழுவின் பதிவுகளில் முதன்முதலாக எதையும் ஒத்திராத ஓர் ஓசை கேட்டது. பதிவுக்கருவியை ஏமாற்றுவதற்காகக் கண்டறிந்த சுருதி, இசையமைப்பின் அடித்தளமாகவே ஆகிவிட்டது. காரைதீவைச் சேர்ந்த தபேலாக்காரர் தம் வாத்தியத்தை ஒதுக்கிவிட்டு றபானைக் கையிலெடுத்ததும், கணக்கைக் கற்றவர் கணக்கை மறந்து அடிக்கப் பழகியதும் இந்த மாற்றத்தின் மிக அழகிய பகுதி.

சொல்லின் பக்கத்தில் இத்தகைய தயக்கம் குறைவாகவே இருந்தது. இக்கரை கவிஞர்கள் நிறைந்தது. பெரியநீலாவணையின் நீலாவணனும், கல்முனைக்குடியில் பிறந்து ‘கவிஞன்’ இதழை நடத்திய எம். ஏ. நுஃமானும் பேச்சோசையை ஒட்டிய கவிதையை ஏற்கெனவே நிலைநிறுத்தியிருந்தார்கள். வீட்டில் பேசும் சொல்லைப் பாட்டில் வைக்கக் கூச்சப்படத் தேவையில்லை என்ற துணிவு, குழுவில் எழுதியோருக்கு அக்கவிதைகளின் வாசிப்பிலிருந்தே கிடைத்தது.

பணம் கிடைத்த ஒரே பதிவு வகையாகத் தேர்தல் பாடல்களையும் குறிப்பிட வேண்டும். கவிஞருமான எம். எச். எம். அஷ்ரஃப் தலைமையில் ஶ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1980களின் இறுதியில் தேர்தல் களத்தில் எழுச்சி பெற்றபோது, பாட்டு ஒலிபெருக்கி வழியே அரசியலின் மொழியாயிற்று. விரைவில் எழுதி, ஒரே இரவில் பதிந்து, மறுநாள் வாகனத்தில் ஒலிக்கவிட வேண்டிய இப்பணி, தயங்காமல் ஒரே மூச்சில் பாடி முடிக்கும் பழக்கத்தைத் தந்தது; அப்பாடல்களின் மெட்டுகள் பெரும்பாலும் இரவல்.

1985இலும் 1990இலும் உள்நாட்டுப் போரின் நடுவே இக்கரையில் நிகழ்ந்த வன்முறைகள் குழுவை அதன் ஆணிவேரிலேயே தாக்கின. சைக்கிளில் சென்று வந்த தூரம், சாவடியும் அச்சமும் நிறைந்த தூரமாயிற்று. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்ட செய்தியும், அதே காலத்தில் தமிழ் ஊர்களில் நிகழ்ந்த கொலைகளும் காணாமற்போதல்களும், ஒரே அறையில் இருந்து பாடியோரை ஒருவரையொருவர் காண முடியாதவர்களாக்கின. அடுத்து வந்த ஆண்டுகளின் நாடாக்களில் தபேலா இல்லை. அதன் இடத்தை மின்னணு விசைப்பலகையில் உள்ள தானியங்கித் தாளம் பிடித்துக்கொண்டது. அந்த மாற்றத்தை நவீனமயமாதல் என்று விளக்குவோர் உண்டு. நாடாக்களைக் காலவரிசையில் கேட்போருக்கு அது பிரிவின் ஓசையாகவே கேட்கும்.

அதே காலப்பகுதியில் இசை பற்றிய மார்க்க விவாதமும் கூர்மையடைந்தது. மத்திய கிழக்கில் கற்றுத் திரும்பியோரும் சீர்திருத்த இயக்கத்தினரும் கம்பி, காற்று வாத்தியங்களை விலக்க வேண்டும் என்றும், கந்தூரி என்னும் நினைவு விருந்தும் கொடியேற்றமும் மார்க்கத்தில் இல்லாதவை என்றும் வலியுறுத்த, சூபி வழியினர் அவை மூதாதையர் வழிவந்த நற்செயல்கள் என்று வாதிட்டனர். குழுவில் சிலர் மனப்பூர்வமான நம்பிக்கையோடு ஆர்மோனியத்தை விட்டனர். அவர்களின் முடிவு மதிக்கத்தக்கது. ஒரு பக்கம் மட்டும் தோலிட்ட தஃப் என்னும் பறை பலராலும் அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்பட்டதால், பிற வாத்தியங்களற்ற நஷீதுப் பாடல்கள், அதாவது குரல்களை அடுக்கியும் தஃப் ஒன்றை மட்டும் சேர்த்தும் பாடப்படும் கீதங்கள், இளையோரிடம் பரவின. குரல், றபான், சுருதி ஆகியவற்றை மட்டுமே கொண்டு கவியைப் பதிவு செய்த அனுபவம், எதிர்பாராத விதமாக இங்கு பயன்பட்டது. ஆர்மோனியம் விலகியபோது, இரண்டு பேர் மாறி மாறி மூச்செடுத்து ஆதார சுருதியை வாயால் நிறுத்தினார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை வந்த ஆழிப்பேரலை, இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேயே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீதிகளில் வீடுகள் அத்திவாரத்தோடு பெயர்ந்தன. மனிதர்களை இழந்த இடத்தில் நாடாக்களைப் பற்றிப் பேசும் மனம் நெடுங்காலம் எவருக்கும் வரவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னரே, கரையில் இருந்த மூல நாடாக்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன என்பதும், எஞ்சியிருப்பவை வெளிநாடு சென்றோர் படியெடுத்துக்கொண்டு போனவை என்பதும் தெரியவந்தன. வீட்டாரின் பேச்சைப் பதிந்து அனுப்பும் ‘குரல் கடிதம்’ வழக்கில் இருந்த காலத்தில், நாடாவில் மீதமிருந்த இடத்தை நிரப்ப ஒரு பாட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தனர். அவ்வாறு குடும்பச் செய்திகளின் முடிவில் ஒட்டிச் சென்ற கவிகள் அழிவிலிருந்து தப்பின. கவனமாகப் பெயரெழுதி அலுமாரியில் அடுக்கப்பட்ட ‘நல்ல’ பதிவுகளில் பல தப்பவில்லை.

இவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலை இப்போது மெதுவாக நடைபெறுகிறது. உப்புநீர் பட்ட நாடாவின் பொலியெஸ்ரர் அடித்தளம் எளிதில் கெடுவதில்லை. துருப்பிடிப்பது பேழையின் ஆணிகளும் நாடாவைத் தலைக்கு அழுத்தும் சிறு தகடுமே. ஆகவே பேழையைத் திறந்து, நாடாவைக் காய்ச்சி வடித்த நீரில் மெல்லக் கழுவி, நிழலில் உலர்த்தி, புதிய பேழைக்கு மாற்றிய பின்னரே ஓடவிட வேண்டும். ஓடவிடும்போது கருவித் தலையின் சாய்வை அதன் சிறு திருகாணியால் திருத்தி, சீறல் மிகத் தெளிவாகக் கேட்கும் நிலையில் நிறுத்த வேண்டும். பதிந்த பெட்டியின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு கிடைத்தால்தான் குரலின் மேல்நிலை அதிர்வுகள் திரும்பும். பற்றரியால் ஏறிய சுருதியைத் திருத்துவதற்கு, அக்காலத்து ஆர்மோனியம் இன்னும் பழுதின்றி இருக்கும் வீட்டுக்குச் சென்று, அதன் கட்டையோடு ஒப்பிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

நுட்பத்தைவிடக் கடினமானது பெயர்களைச் சேர்ப்பது. பாடியவர் யார் என்பதைக் குரலே சொல்லிவிடும். எழுதியவர் யார், எந்தத் தாயிடமிருந்து எந்தக் கவி வந்தது என்பவற்றை அறிந்தோர் முதுமையடைந்துவிட்டார்கள். கவியின் உண்மையான உடைமையாளர்களான பெண்களின் குரல் இந்த நாடாக்களில் ஏறத்தாழ இல்லை. அந்நியர் கேட்கப் பாடுவது தகாது என்ற வழக்கத்தால், அவர்களிடம் கற்ற ஆண்களே அவர்களின் சொற்களைப் பாடியிருக்கிறார்கள். இசைத்தட்டு வெளியிட முடியாமற்போனதை இக்குழு பெரிய இழப்பாக இன்று எண்ணுவதில்லை. பெண்குரலின் இன்மையே பேரிழப்பு. இப்போது பேத்திமார் தம் கைபேசியில் மூதாட்டியரின் கவியை வீட்டுக்குள்ளேயே பதிவு செய்யத் தொடங்கியுள்ளனர். அப்பதிவு குடும்பத்தாரின் கையிலேயே இருக்கும், அவர்களின் சம்மதமின்றி வெளியே போகாது என்ற நிபந்தனையை ஏற்று, ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் வைப்பது, விசிறியை எப்போது நிறுத்துவது, ஈற்றுச்சொல்லின் இழுவை முடியும்வரை பொத்தானைத் தொடாதிருப்பது என்பவற்றை அப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே பழைய குழுவில் எஞ்சியிருப்போரின் தற்போதைய பணி.